8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்து ஓட ராம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப் ஐ3-1115ஜி4, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். உபுண்டு ஓடும்போது பக்கத்தில் குரோமும் விஎஸ் கோடும் திறந்தால் மவுஸ்கூட நகர மறுக்கிறது. கடையில் கேட்டால், உள்ளே இருக்கும் 8-ஐக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போடலாம், பழையதைக் கழித்துக்கொள்கிறேன் என்கிறார்கள். போடலாமா? இல்லை, டூயல் பூட் போட்டாலே போதுமா?

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் ராம் கூட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய ஸ்டிக்கைக் கையைவிட்டுக் கொடுக்க அவசரப்படாதீர்கள். டூயல் பூட் போதும் என்றால் அனேகமாக ஒரு ரூபாய்கூட செலவு இல்லை.

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம்தான் ஓடும். உபுண்டுவில் ஏறினால் 8 ஜிபியும் உபுண்டுவுக்கே; விண்டோஸ் வட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப்கள் ஞாபகம் இருக்கலாம். வெறும் 2 ஜிபி ராமில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன, இரண்டும் ஓடின. ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓடவில்லை, அவ்வளவுதான் சூட்சுமம். விர்ச்சுவல் மெஷின் (விஎம்), அதாவது விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டும் உபுண்டு, அப்படியல்ல. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே தண்ணீர்த் தொட்டி.

உங்கள் தொட்டியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 8 ஜிபியில் உள் கிராஃபிக்ஸும் பயாஸும் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) கொஞ்சம் எடுத்துக்கொள்ள, விண்டோஸ் கையில் 7.7 அல்லது 7.8 ஜிபி கிடைக்கும். விண்டோஸ் 11 சும்மா இருந்தாலே 3 முதல் 3.5 ஜிபி. குரோமில் பத்து டேப் என்றால் ஒன்றரை முதல் இரண்டு. விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷன்களோடு முக்கால் முதல் ஒரு ஜிபி. ஆக ஆறு போயிற்று. மிச்சம் ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல். உபுண்டு 24.04 டெஸ்க்டாப்போ, திறந்து வைத்தாலே ஒன்றேகால் ஜிபியைத் தாண்டும். உள்ளே ஃபயர்ஃபாக்ஸ் திறந்து ஒரு புரோகிராமை கம்பைல் செய்தால் மூன்றைத் தொடும். நீங்கள் விஎம்முக்கு 4 ஜிபி ஒதுக்கியிருந்தால், இல்லாத இரண்டரை ஜிபியை விண்டோஸ் எஸ்எஸ்டியிலிருந்து கடன் வாங்குகிறது. மவுஸ் நிற்பது அந்தக் கடன் வாங்கும் நேரத்தில்தான். அதோடு உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு: காலியாக இருக்கும் ராமை ஃபைல் கேஷால் (வட்டில் படித்த ஃபைல்களின் நகலால்) நிரப்பிக்கொள்ளும். விஎம்முக்குள் இருக்கும் உபுண்டு ஒருமுறை தொட்ட இடம், அதை மூடும்வரை விண்டோஸிடம் பெரும்பாலும் திரும்பி வராது. காலையில் ஓடிய விஎம் மத்தியானம் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இது ஊகமாக இருக்க வேண்டாம், கண்ணால் பாருங்கள். மெஷின் திணறும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. அங்கே 'கமிட்டட்' என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் உங்கள் மொத்த ராமைவிட நன்றாக மேலே, உதாரணமாக 8 ஜிபி மெஷினில் 11 என்று நின்றால், ராம்தான் பற்றாக்குறை. ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' வரைபடம் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் குதித்தாலும் அதே அர்த்தம். மெமரி 60 சதவீதத்தில் இருக்க, சிபியு மட்டும் 100-இல் ஒட்டிக்கொண்டிருந்தால் ராம் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஐ3-1115ஜி4-இல் இருப்பது 2 கோர், 4 த்ரெட்தான். 64 ஜிபி போட்டாலும் மூன்றாவது கோர் முளைக்காது. பழைய லேப்டாப்காரர்கள் 'டிஸ்க்' வரிசையையும் பார்க்க வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்து அது 100 சதவீதம் காட்டினால், முதல் செலவு எஸ்எஸ்டி, ராம் இரண்டாவது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும்போது ஹார்டு டிஸ்க் வினாடிக்கு நூறு தடவை போய்வந்தாலே பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பல்லாயிரம் தடவை போய்வரும்.

அதே மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று இரண்டு வரி இருக்கும். ஃபார்ம் ஃபேக்டரில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் முழுக்க நம்ப வேண்டாம். போர்டில் பற்றவைத்த ராமையும் சில மெஷின்கள் ஒரு ஸ்லாட் என்றே காட்டும். உங்கள் தலைமுறை லேப்டாப்களில் 4 அல்லது 8 ஜிபி போர்டிலும், கூடவே ஒரே ஒரு ஸ்லாட்டும் வைத்த மாடல்கள் நிறைய. சந்தேகம் தீர, மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள். எச்பி, டெல் இரண்டும் இலவசமாகவே வைத்திருக்கின்றன. லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் தளத்தில் எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு என்று தெளிவாக இருக்கும். எந்த ஸ்க்ரூ எங்கே என்பதும் சர்வீஸ் மேனுவலிலேயே படத்தோடு கிடைக்கும்.

இப்போது கடைக்காரர் சொன்னது. 8-ஐ எடுத்துவிட்டு 16 ஒன்றே போட்டால் மொத்தம் 16. பழைய 8-ஐ வைத்துக்கொண்டு காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 போட்டாலும் மொத்தம் 16தான். செலவு குறைவு, வேகம் அதிகம். டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக்காக இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி வரை கடத்தும். சமமான இரண்டு ஸ்டிக் இருந்தால் டூயல் சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில் கடத்தும் முறை) 51.2 வரை. உங்கள் மெஷினில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, திரையில் வரைவதும் இதே ராமிலிருந்துதான். அதனால் இந்த வித்தியாசம் உபுண்டுவின் விண்டோவை இழுக்கும்போதே தெரியும். இரண்டு ஸ்லாட் இருந்து ஒன்று காலி என்றால் 8-க்கு 8. ஒரே ஸ்லாட் என்றால்தான் கடைக்காரர் சொல்வது சரி. பழைய 8-ஐ வைத்துக்கொண்டு 16 சேர்த்தால் மொத்தம் 24. அதில் 16 வரை டூயல் சேனலாகவும் மீதி 8 ஒற்றைச் சேனலாகவும் ஓடும். அது தவறில்லை, ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டர், இரண்டு மூன்று விஎம் என்று போகாதவருக்கு அந்தச் செலவு வீண். அதிலும் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரம் இது.

வாங்கப் போகுமுன் இருக்கும் ஸ்டிக்கின் லேபிளை போனில் ஒரு போட்டோ எடுங்கள். அதில் '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ' என்பது போல ஒரு வரி இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 என்பது வேகம். சில கம்பெனிகள் அதையே பிசி4-25600 என்று போடும், 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் வருவதுதான். 1ஆர்எக்ஸ்8 என்றால் ஒரு ரேங்க், 8 பிட் அகலமுள்ள சிப்கள் எட்டு. 1ஆர்எக்ஸ்16 என்றால் நாலே சிப். விலை கொஞ்சம் குறையலாம், வேகமும் கொஞ்சம் குறையும். இரண்டும் ஒரே மாதிரி இருப்பது நல்லது, கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2666 ஸ்டிக்கோடு 3200 சேர்த்தால் இரண்டும் 2666-இல் ஓடும், கெட்டுப்போகாது. தலைமுறை மட்டும் மாறவே கூடாது. டிடிஆர்4 ஸ்டிக்குக்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262, டிடிஆர்3-க்கு 204. நடுவில் உள்ள வெட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததை அமுக்கினால் உடைவது ஸ்லாட், ஸ்லாட் உடைந்தால் மதர்போர்டு வேலை.

இந்த போட்டோ எடுக்கும் வேலையை நம் பக்கத்தில் இருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம் என்று பஸ் ஏறிவிடுகிறோம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர் போய் வாங்கி வந்த ஸ்டிக் டிடிஆர்4-க்குப் பதில் டிடிஆர்5 என்றால் இன்னொரு நாள் போச்சு. உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாய் கூடச் சொன்னாலும், கண்முன்னே மாட்டி ஆன் செய்து காட்டுகிறார் என்றால் அங்கேயே வாங்கலாம் என்பது என் கருத்து. எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். ராமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வாரண்டி தருகின்றன, பில் இல்லாமல் அது வெறும் ஸ்டிக்கர். கழற்றி விற்ற பழைய ஸ்டிக்காக இருந்தாலும் பரவாயில்லை, சோதித்துப் பார்க்க நாலு நாள் அவகாசம் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் வேலை அரை மணி நேரம். தொடங்குமுன் ஒன்று: விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் வட்டைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். பயாஸில் எதையாவது மாற்றியதும் பிட்லாக்கர் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த ரிகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும்.

ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் முழுதாக அணையாது. சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். பிஎச்0 அளவு ஸ்க்ரூடிரைவர் போதும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான இடத்தில் திருகினால் கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு வரும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிலும் நெம்புங்கள், கத்தி வேண்டாம்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. வயரை இழுக்காமல் கனெக்டரின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் தள்ளி எடுக்க வேண்டும். பிறகு பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடியும். கரண்ட் இல்லையே என்று பேட்டரியை விட்டுவிட்டு ராமை மாட்டுகிறவர்கள்தான் போர்டைச் சுட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வறண்ட மாதங்களில் பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். வேலைக்கு முன்னும் இடையிலும் ஜன்னல் கம்பி போன்ற பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கை ஓரங்களில் மட்டும் பிடித்து, வெட்டும் ஸ்லாட்டின் முனையும் நேராக வருகிறதா பார்த்து, 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்கநிறக் கோடு ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும். அதன்பிறகுதான் கீழே அமுக்குவது. இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும். பாதி உள்ளே போன நிலையில் அமுக்கினாலும் கிளிப் பிடித்துக்கொள்ளும். மாட்டிய பிறகு திரை வராததற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். மூடியைத் திறந்ததே திறந்தீர்கள், ஃபேனையும் பாருங்கள். கிரானைட் பாலிஷ் பட்டறைகள் இருக்கும் பக்கம் குடியிருந்தால் அதில் மாவு போலத் தூசி அடைந்திருக்கும். இரண்டு சிஸ்டம் சேர்ந்து ஓடும்போது சூடு கூடும், சூடு கூடினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழி ராம் மேல் விழும். மென்மையான பிரஷ் போதும், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது திரை ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ராமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, புது ஸ்டிக்கை மட்டும் போட்டு ஒருமுறை, பழையதை மட்டும் போட்டு ஒருமுறை, ஸ்லாட் மாற்றி ஒருமுறை பாருங்கள். எது கோளாறு என்று இதிலேயே பிரிந்துவிடும். கடைகளில் ரப்பரால் தங்கக் கோட்டைத் தேய்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி மேல்.

திரை வந்ததோடு முடிந்ததென்று நினைக்க வேண்டாம். பழுதான ராம் உடனே காட்டிக்கொடுக்காது. ஒரு வாரம் கழித்து உபுண்டுவின் வட்டு ஃபைலைக் கெடுத்துவிட்டுக் காட்டிக்கொடுக்கும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். ஒன்றுதானே என்று பேரம் பேசக்கூடாது.

256 ஜிபி எஸ்எஸ்டி என்பதால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹைபர்னேட் ஃபைல் (அணையுமுன் ராமில் இருப்பதை விண்டோஸ் வட்டில் சேமிக்கும் ஃபைல்) ராமின் 40 சதவீத அளவில் இருக்கும், 8-இல் 3.2 ஜிபி எடுத்தது 16-இல் 6.4 எடுக்கும். சி டிரைவில் அந்த இடத்தை விட்டு வையுங்கள்.

அடுத்துதான் பலர் கோட்டைவிடும் இடம். ராமை 16 ஆக்கியதால் விஎம்முக்கு ஒன்றும் கூடிவிடாது. விர்ச்சுவல்பாக்ஸில் முன்பு 2 ஜிபி என்று வைத்திருந்தால் இன்றும் அதற்கு 2 ஜிபிதான். விஎம்மை முழுக்க அணைத்துவிட்டு, சேவ் ஸ்டேட்டில் வைத்துவிட்டு அல்ல, செட்டிங்ஸில் சிஸ்டம், பேஸ் மெமரி போய் 5 அல்லது 6 ஜிபி, அதாவது 5120 அல்லது 6144 எம்பி, வையுங்கள். பச்சைக் கோடு எட்டுக்கு மேலும் போகிறதே என்று இழுக்க வேண்டாம். விண்டோஸ் பக்கம் உங்கள் வேலைக்கு ஆறு வேண்டும், கேஷுக்கு நாலு ஜிபியாவது மிஞ்ச வேண்டும். புராசசர் 2. நாலு த்ரெட் இருக்கிறதென்று நாலும் கொடுத்தால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும். வீடியோ மெமரி 128 எம்பி, கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ. 3டி ஆக்சிலரேஷனைப் போட்டுப் பாருங்கள். திரை சிமிட்டினாலோ கறுத்தாலோ எடுத்துவிடுங்கள். உபுண்டுவுக்குள்ளே விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவ வேண்டும். அதற்கு முன் கெர்னல் ஹெட்டர், ஜிசிசி கம்பைலர், 'மேக்' என்ற கருவி மூன்றும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதியில் நிற்கும். உபுண்டு லாகின் திரையில் பல் சக்கரக் குறியைத் தட்டி 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' தேர்ந்தால் பல மெஷின்களில் இழுவை குறையும்.

இத்தனைக்குப் பிறகும் மந்தமாக இருந்தால் விஎம் ஜன்னலின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். பச்சை நிற ஆமைப் படம் ஒன்று தெரிகிறதா? கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆமை வைத்திருக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக சிபியுவைத் தொடாமல் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடான ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். எத்தனை ஜிபி போட்டாலும் இது தீராது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றை அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் ஆமை போய்விடும். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பதைத் தெரிந்துகொண்டே அணையுங்கள். விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை அணைத்தால், விண்டோஸிலேயே லினக்ஸ் ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்2-ம் வேலை செய்யாது. உங்களுக்கு டெர்மினல், ஜிசிசி, பைத்தான் மட்டும்தான் தேவை என்றால் கதையையே திருப்பிவிடலாம்: விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு டபிள்யூஎஸ்எல்2 மட்டும் வையுங்கள். டெஸ்க்டாப் இல்லாததால் இப்போதிருக்கும் 8 ஜிபியிலேயே ஓடும். அதுவும் கேட்பாரில்லாமல் விட்டால் மொத்த ராமில் பாதிவரை எடுக்கும். அதன் கான்ஃபிக் ஃபைலில் மெமரி வரம்பை 3 ஜிபி என்று எழுதிவையுங்கள்.

டூயல் பூட் பக்கம் போவதானால் ராமை விட்டுவிட்டு வட்டைப் பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது ஒதுக்கி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, பேட்டரி நிறைய சார்ஜோடு தொடங்குங்கள். பார்ட்டிஷன் நடுவில் கரண்ட் போனால் அழ வேண்டியிருக்கும். சில 11-ஆம் தலைமுறை லேப்டாப்களில் உபுண்டு நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியாது. பயாஸில் உள்ள விஎம்டி அல்லது ஆர்எஸ்டி (இன்டெலின் வட்டு நிர்வாக ஏற்பாடு) அமைப்புதான் காரணம். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் ஏறும்படி வைத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகு வழக்கமான பூட்டுக்குத் திரும்ப வேண்டும். நிறுவி முடித்ததும் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பேட்டரி போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள்: உபுண்டு போர்டின் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

விஎம்தான் என்று முடிவு செய்து 16-க்குப் போனால், ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு உபுண்டு டெர்மினலில் ஃப்ரீ கட்டளையை அடியுங்கள். 'ஃப்ரீ' என்ற பத்தியில் எண் சின்னதாக இருப்பது சகஜம், அது கேஷ். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தியும் 'ஸ்வாப்' (ராம் போதாமல் வட்டில் கடன் வாங்கிய இடம்) வரிசையும். கம்பைல் ஓடும்போதே அவைலபிள் 2 ஜிபிக்கு மேல், ஸ்வாப் ஏறக்குறைய 0 என்றால் விஎம்முக்குக் கொடுத்தது அதிகம். 6144-ஐ 5120 ஆக்கி அந்த ஒரு ஜிபியை விண்டோஸுக்குத் திருப்பிக் கொடுங்கள், குரோம் எடுத்துக்கொள்ளும்.